ஜீனோவும் அரைப்பேரும்

பொங்கல் விடுமுறைக்குப் பதுளை சென்றிருந்தேன். அக்காவின் பேரன் லயத்து வாசற்படியில் அமர்ந்து மஞ்சள் நிறப் பொம்மையொன்றைத் திருகிக்கொண்டிருந்தான். ஒருபுறம் திருகினால் கார். மறுபுறம் திருகினால் மனித உருவம். பதுளை நகரக் கடையொன்றில் வாங்கியதாம். பெயர் பம்பிள்பீ என்றான்.

"தாத்தா, இந்த மாதிரி தமிழ்ல ஒரு ரோபோ இருக்கா?"

"இருக்குடா. அது ஒரு நாய். பேரு ஜீனோ."

"அது காரா மாறுமா?"

"மாறாது. ஆனா புத்தகம் படிக்கும்."

அவன் முகம் வாடிவிட்டது. புத்தகம் படிக்கும் நாயை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது? அன்று அவனுக்குச் சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அவன் கையிலிருந்த பொம்மைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஜப்பானின் தகாரா நிறுவனம் செய்த பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. பொம்மை முதலில் பிறந்தது. அதை விற்பதற்காகக் கதை பிறகு எழுதப்பட்டது. பம்பிள்பீ அக்கூட்டத்தில் ஒரு சிறிய துணைப்பாத்திரம். 2007ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் அது குரல் இழந்து, வானொலித் துணுக்குகளைக் கொண்டு பேசியது. 2018இல் அதன் பெயரிலேயே தனிப்படம் வந்தது. ஓரத்தில் நின்றது நடுவே வந்துவிட்டது. எல்லா நாட்டுக் கதைகளிலும் இப்படி ஒருவர் உண்டு; எழுதியவர் ஒரு வேலைக்காக உள்ளே அழைத்து வருவார், வாசகர் அவரைத் திரும்பிப் போகவிடமாட்டார்.

தமிழில் அப்படித் தங்கிவிட்டது ஜீனோ. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் எழுதிய "என் இனிய இயந்திரா" தொடரில் அது அறிமுகமாயிற்று. அதன் தொடர்ச்சியான "மீண்டும் ஜீனோ"வில் திரும்பி வந்தது. முதற்கதையைச் சென்னைத் தூர்தர்ஷன் தொடர் நாடகமாகவும் ஒளிபரப்பியது. எங்கள் லயத்தில் அப்போது தொலைக்காட்சி இல்லை. ஆகவே நாடகம் எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமே. கதையோ வரிவரியாக நினைவிருக்கிறது.

எங்களிடம் அது வந்து சேர்ந்த வழியைச் சொல்ல வேண்டும். 1970களின் முற்பகுதியில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1977க்குப் பின்னர் அவை மீண்டும் தாராளமாக வந்தன. ஆனால் காசு கொடுத்து விகடன் வாங்குவோர் தோட்டத்தில் யாரும் இல்லை. ஹாலி-எலவில் இருந்த ஒரு சலூனுக்குப் பழைய பிரதிகள் வரும். கடைக்காரரின் மைத்துனர் கொழும்பில் படித்து முடித்தவற்றைக் கட்டாகக் கட்டி இரவு அஞ்சல் ரயிலில் அனுப்புவார். முடி வெட்டிக்கொள்ள மாதத்திற்கு ஒருமுறைதான் காசு கிடைக்கும். வாசிக்க வாரந்தோறும் போவோம். இடையில் ஓர் இதழ் தவறிவிடும். அந்த அத்தியாயத்தில் என்ன நடந்திருக்கும் என்று பள்ளிக்கூடம் வரையில் நடந்துகொண்டே நாங்களே கட்டிக்கொள்வோம்.

கதையில் எதிர்கால இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளுகிறார். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். பெயர் ஈரெழுத்துக்கு மேல் இருத்தலாகாது. நிலா, சிபி, ரவி, மனோ என்று எல்லோரும் ஈரெழுத்துக்காரர்கள். நிலாவின் கணவன் சிபி காணாமற்போகிறான். ரவி என்ற அந்நியன் அவள் வீட்டில் தங்க வருகிறான். அவனுடைய உடைமைகளில் ஒன்றாக வந்து சேர்கிறது ஜீனோ என்ற இயந்திர நாய். ஆளும் ஜீவாவும் ஈரெழுத்து, காலடியில் கிடக்கும் ஜீனோவும் ஈரெழுத்து, முதலெழுத்தும் ஒன்றே. அந்த நாட்டில் அரசனுக்கும் பொம்மைக்கும் ஒரே அளவில்தான் பெயர் வெட்டப்பட்டிருக்கிறது.

பதினைந்து வயதில் என்னைத் தைத்தது அந்தப் பெயர்ச் சட்டம்தான். அதற்குக் காரணம் எங்கள் தோட்டத்து மொழியில் இருந்தது. வெளியூர் வாசகர்களுக்கு விளக்க வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு "பேர்" என்றே பெயர். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று மலைக்குப் போனால், நிர்ணயித்த கிலோ கொழுந்து பறித்தால், செக்ரோலில் ஒரு பேர் விழும். நிறை குறைந்தால் அரைப்பேர். மாலையில் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னைக்கு அரைப்பேர்தான் போட்டாங்க" என்பார். சம்பளத்தில் பாதி போயிற்று என்ற பொருளில்தான் சொல்வார். சிறுவனாகிய எனக்கு, அம்மாவின் பெயரிலேயே பாதியை யாரோ வெட்டி எடுத்துக்கொண்டது போலக் கேட்கும்.

பெயரை வெட்டுவது தோட்டத்து அலுவலகத்தோடு நின்றுவிட்டதா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் முன்னோரை நாட்டின் பதிவேட்டிலிருந்தே நீக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாட்டளவில் போட்ட அரைப்பேர் அது. எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இன்றும் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவேட்டில் இன்னொரு பெயர் என்று எழுத்துப்பிழைகளோடு அலைகிறவர்களைப் பசறையிலும் லுணுகலையிலும் நான் சந்தித்து வருகிறேன்.

ரோபோ என்ற சொல்லின் பிறப்பையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக்கின் நாடகம் 1921இல் பிராக் நகரில் மேடையேறியது. செயற்கையாகச் செய்யப்பட்ட வேலையாட்களுக்குப் பெயர் தேடிய அவருக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவர் அவருடைய சகோதரர் யோசெப். செக் மொழியில் ரொபோட்டா என்றால் பண்ணையடிமைகள் நிலவுடைமையாளருக்குச் செய்யக் கடமைப்பட்ட கட்டாய வேலை. ஆகவே ரோபோ என்ற சொல்லின் அடியில் இரும்பும் மின்சாரமும் இல்லை. முதுகு வளைந்த ஒரு மனிதன்தான் இருக்கிறான். கூலி என்ற சொல்லால் ஒன்றரை நூற்றாண்டு அழைக்கப்பட்ட சமூகத்துக்கு அவன் அந்நியனாக மாட்டான்.

இப்போது ஜீனோவின் இரண்டாவது வருகையைப் பாருங்கள். முதற்கதையில் அது ரவியின் பொருள். ஆனால் படிக்கிறது; படித்ததைப் பற்றிப் பேசுகிறது; கேலி செய்கிறது; மெல்ல மெல்ல உடைமையாளனை விட்டு நிலாவின் பக்கம் வந்து நிற்கிறது. இரண்டாவது கதையில் நிலா பெயருக்கு அரசி; ரவியும் மனோவும் பின்னாலிருந்து ஆட்டுவிக்கிறார்கள். அரியணையில் இருக்கும் மனுஷி பொம்மையாகிவிட்டாள். பொம்மையாக வந்த நாயோ அவளுக்கு யோசனை சொல்கிறது. அந்த நூலின் அட்டையில் நிலாவின் பெயர் இல்லை, ரவியின் பெயரும் இல்லை. ஜீனோவின் பெயர் இருக்கிறது. அதை ஒரு சாதாரண வணிகத் தலைப்பாக என்னால் கடந்துபோக முடியவில்லை. ஏவல் செய்ய வந்த ஒன்று, வாசித்ததன் வழியாகவே முழுப்பேர் வாங்கிவிட்டது என்று கருதுகிறேன்.

திரைப்படம் வேறு வழியில் சென்றது. 2010இல் வெளிவந்த எந்திரனின் வசனத்தில் சுஜாதாவுக்கும் பங்குண்டு. படம் வெளிவருமுன், 2008 பெப்ரவரியில், அவர் காலமானார். அதில் ரோபோ துணைப்பாத்திரமாக இல்லை; சிட்டிதான் படமே. சிட்டியும் புத்தகங்களை ஒரு கணத்தில் புரட்டி மனத்தில் ஏற்றிக்கொள்கிறது. ஏற்றிக்கொள்வது வேறு, படிப்பது வேறு. இறுதியில் அது தன்னைத் தானே கழற்றிவைக்க நேர்கிறது. அருங்காட்சியகத்தில் ஒரு சிறுமி காரணம் கேட்கும்போது, சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்ற பொருளில் பதில் சொல்கிறது. அரங்கில் அந்தக் காட்சியைக் கண்டபோது எனக்கு ஜீனோவின் நினைவு வந்தது. அதே சிந்தனைக்கு அங்கே நூலின் தலைப்பில் இடம். இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இடம். 2018இல் வந்த 2.0 படத்திலோ நிலா என்ற பெயர் உதவியாளராகப் பணிபுரியும் ஒரு பெண் இயந்திரத்துக்குச் சூட்டப்பட்டிருந்தது. சுஜாதாவின் கதையில் மனுஷியின் பெயராக இருந்தது ஏவல் இயந்திரத்தின் பெயராகிவிட்டது. தற்செயலாகவே இருக்கலாம். எனக்கு உவப்பாக இல்லை.

பேராதனையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "வாரப் பத்திரிகையில் வந்த ஒரு வேடிக்கை நாய். அதன் முதுகில் மலையக வரலாற்றையே ஏற்றுகிறீரே!" என்றார். சுஜாதா எங்களை நினைத்து எழுதவில்லை என்பதை நானும் அறிவேன். எழுதியவர் நினையாததை வாசிப்பவன் எடுத்துக்கொள்ளலாகாது என்று எந்தச் சட்டமும் இல்லை. சலூன் வாங்கில் அமர்ந்து படித்த எங்களுக்கு அந்தக் கதையில் சொந்தம் கொண்டாட முடிந்த பாத்திரம் அது ஒன்றுதான்.

இதைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் சித்தியின் மகள் பன்னிரண்டு வயதில் கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டாள். அவளுக்குப் பாட்டன் வைத்த ஆறெழுத்துப் பெயர் இருந்தது. வாயில் நுழையவில்லை என்று அந்த வீட்டார் அதை ஈரெழுத்தாக்கிவிட்டார்கள். பகலில் வேலை முடிந்தால் வீட்டுப் பிள்ளையின் பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்ப்பாளாம். ஒருநாள் கண்டுவிட்டு, புத்தகம் அழுக்காகும் என்று அலுமாரியைப் பூட்டினார்கள். கெட்டவர்கள் இல்லை, உண்ண உடுக்கக் குறைவில்லாமல் கொடுத்தார்கள். பெயரும் புத்தகமும்தான் இல்லை. அவள் தோட்டத்துக்குத் திரும்பியபோது எழுத்துகள் பாதி மறந்துபோயிருந்தன. நான் பல்கலைக்கழகம் போனேன். அவள் கொழுந்துக்குப் போனாள். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது ஒரு பூட்டிய அலுமாரி.

இன்று ஒவ்வொருவர் கையிலும் பேசும் இயந்திரம் வந்துவிட்டது. கேட்டதற்குத் தமிழிலேயே பதில் சொல்கிறது. ஜீனோவின் காலம் வந்துவிட்டது என்று பலர் எழுதுகிறார்கள். வரட்டும். இயந்திரம் எவ்வளவு படித்திருக்கிறது என்று வியக்கிற நாம், நம் சமையலறையில் நிற்கிற பெண்ணின் முழுப்பெயர் என்ன, அவள் கடைசியாக என்ன படித்தாள் என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? இயந்திரத்துக்கு வாசிக்கக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கை மனிதருக்குக் கொடுத்திருந்தால் ஊவாவின் தோட்டப் பாடசாலைகள் இப்படியா இருக்கும்?

பெரிய திட்டம் எதையும் நான் முன்வைக்கவில்லை. பாடசாலைகளுக்குப் பொம்மைகளும் கணினிகளும் அன்பளிப்புச் செய்யும் அன்பர்கள், ஒரு சிறு அலுமாரியும் அதில் நூறு கதைப் புத்தகங்களும் சேர்த்துக் கொடுங்கள். அந்த அலுமாரிக்குப் பூட்டுப் போடாதிருக்க அதிபரிடம் சொல்லுங்கள். புத்தகம் அழுக்காகட்டும், கிழியட்டும். வீட்டில் உதவிக்கு இருப்பவரைப் பெற்றோர் வைத்த பெயரில் கூப்பிடுங்கள்.

கொழும்பு திரும்பியதும் ஜீனோவின் இரண்டு நூல்களையும் வாங்கி அஞ்சலில் அனுப்பினேன். பேரனின் பெயரைச் சுருக்காமல் முழுதாக எழுதினேன். லயத்துக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாகத்தான் போய்ச்சேரும். இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசியில் பேசினான்.

"தாத்தா, அந்த ரவி சரியில்ல. நாய்தான் நல்லா இருக்கு. ஆனா ரெண்டாவது புத்தகத்த அம்மா வாங்கி வச்சிக்கிட்டு தரமாட்டேங்குறாங்க."

"ஏன்டா?"

"அவங்க படிச்சிட்டு இருக்காங்க."