15 வயதுப் பின்கள வீரனுக்கு எத்தனை புள்ளி?



இரண்டு மாதமாக எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு ஒரே கேள்விதான். "ரீச்சர், பேரனை ஓ.எச்.எல். இல எடுப்பினமோ?" ஊரில் இருந்து கேட்கிற சிலருக்கு ஓ.எச்.எல். என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் கேட்கிறார்கள். ஆளாளுக்குப் பதில் சொல்லிக் களைத்துவிட்டேன். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பேரனிடம் கேட்டேன். "பேர் போடாமல் எழுதுங்கோ அம்மம்மா, புளுகாமல் எழுதுங்கோ" என்றான். இரண்டுக்கும் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெரியாதவர்களுக்காக. ஓ.எச்.எல். என்பது ஒன்ராறியோவின் மேஜர் ஜூனியர் ஐஸ் ஹொக்கி லீக். 20 ரீம்கள், 17 ஒன்ராறியோவில், 3 அமெரிக்காவில். என்.எச்.எல். க்குப் போகும் பெரிய வாசல்களில் இது ஒன்று. ஒவ்வொரு ஆண்டும் அந்த ஆண்டில் 16 வயதை எட்டுகிற பையன்களை ரீம்கள் முறைவைத்துத் தெரிவு செய்யும். அதைத்தான் டிராஃப்ட் என்கிறார்கள். 2025 இல் 15 சுற்றுகள் நடந்தன. 20 ஐ 15 ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 300 பெயர்கள். ஓர் ஆட்டத்துக்கு உடுப்புப் போடுகிற 20 பேரில் 6 பேர்தான் பின்கள வீரர்கள். அந்தக் கணக்கின்படி 300 பேரில் 90 பேரளவில் பின்களம் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் பையன் நிற்கிற வரிசை அதுதான்.

பெயர் வாசிக்கப்பட்டால் அடுத்த மாதமே ஆடப் போகிறான் என்று நினைக்காதீர்கள். ஒரு ரீம் எடுக்கும் 15 பேரில் வரும் பருவத்திலேயே பனியில் இறங்குவது சிலர்தான். மற்றவர்களின் பெயர் அந்த ரீமின் கையில் இருக்கும். பையன் வளரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இனி என் கருத்து. இந்தத் தெரிவில் பின்கள வீரனை மதிப்பிடுவது எல்லாவற்றிலும் கடினம். அதிலும் 15 வயதில் போடுகிற புள்ளியை இறுதிப் புள்ளியாக எடுக்கவே கூடாது. ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன். கணக்கு ரீச்சர் அல்லவா, படிமுறை காட்டாமல் விடை எழுதினால் உங்களுக்கே புள்ளி குறைத்தவள் நான்.

முதலாவது, முன்கள வீரன் கோல் போட்டால் பலகையில் இலக்கம் ஏறும். பின்கள வீரன் நன்றாக வேலை செய்தால் பலகையில் ஒன்றும் நடக்காது. எதிரி அடிக்க வந்த வழி அடைபட்டது, அவ்வளவுதான். அதற்கு இணையத்தளத்தில் ஒரு நிரல் இல்லை. கோலையும் உதவியையும் மட்டும் பார்த்துப் பின்கள வீரனை அளப்பவர், கையெழுத்தைப் பார்த்துக் கணிதத் தாள் திருத்துபவர் மாதிரி.

இரண்டாவது, 2013 இலே ஹொக்கி கனடா 11, 12 வயதுப் பிரிவிலும் அதற்குக் கீழும் உடலால் மோதுவதைத் தடை செய்தது. நல்ல முடிவு, பிள்ளைகளின் தலை பெரிது. ஆனால் அதன்படி, தெரிவுக்கு நிற்கிற பையன் மோதல் ஆட்டம் ஆடத் தொடங்கி இரண்டு மூன்று பருவம்தான் ஆகிறது. பின்கள வீரனின் தொழிலில் பாதி அந்த மோதலுக்குள் வட்டைக் காப்பாற்றுவதுதான். பாடம் தொடங்கி அரைவாசியில் பரீட்சை வைக்கிறோம்.

மூன்றாவது, பிறந்த மாதம். கனடாவில் ஹொக்கி வயதுப் பிரிவு ஜனவரி 1 இல் வெட்டப்படுகிறது. எங்கள் பையன் நவம்பர். ஜனவரியில் பிறந்தவன் இவனைவிட 10 மாதம் மூத்தவன். 15 வயதில் 10 மாதம் என்ன பெரிதா என்பீர்கள். 5 வயதில் பாருங்கள்: 60 மாதத்தில் 10 மாதம், வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு. அந்த வயதில் பெரிதாக இருந்தவன் நல்ல ரீமுக்குப் போகிறான், நல்ல பயிற்றுநர் கிடைக்கிறார், கூடுதல் நேரம் பனியில் நிற்கிறான். வட்டி குட்டி போடுகிறது. ரோஜர் பார்ன்ஸ்லி என்ற கனடிய உளவியலாளர் 1980களிலேயே இதை எழுதிவிட்டார்: மேல்மட்ட ஜூனியர் ரீம்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருக்கிறார்கள். கனடாவில் ஜனவரியில் மட்டும் திறமைசாலிகள் பிறப்பதில்லை.

ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளிக்கு மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி என்று நின்ற பிள்ளைகள் எத்தனை பேரை நான் படிப்பித்தேன்! இதை வாசிக்கிறவர்களில் இரண்டு பக்கமும் இருக்கிறீர்கள். இன்று உங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, யார் மேலே யார் கீழே என்று கேட்டால் ஒருவராலும் சொல்ல முடியாது.

சரி, ஆட்டக்காரர்களிடம் வருவோம். என்.எச்.எல். தெரிவு 18 வயதில் நடக்கிறது. மூன்று ஆண்டு கூடுதலாகப் பார்த்த பிறகு. அங்கேயே நிலைமை என்ன? நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989 இல் 53 ஆவது. ஸெனோ சாரா 1996 இல் 56 ஆவது. டங்கன் கீத் 2002 இல் 54 ஆவது. சிறந்த பின்கள வீரருக்கான நொறிஸ் கிண்ணத்தை லிட்ஸ்ட்ரோம் 7 தடவை, கீத் 2 தடவை, சாரா 1 தடவை வென்றார்கள். கூட்டினால் 10. ரொறன்ரோவில் பிறந்த மார்க் ஜியோர்டானோவை எந்த என்.எச்.எல். ரீமும் தெரிவு செய்யவே இல்லை. 2019 இல் 35 வயதில் அதே கிண்ணத்தை வாங்கினார். அவர் பிறந்தது ஒக்ரோபரில்.

"அப்ப இந்தத் தெரிவே பொய்யோ ரீச்சர்?" என்று ஒரு கெட்டிக்காரன் கேட்பான். பொய் இல்லை. ஏரன் எக்பிளாட் என்ற பின்கள வீரனுக்கு 2011 இல் விதிவிலக்குக் கொடுத்து ஓர் ஆண்டு முன்னதாகவே ஓ.எச்.எல். இல் சேர்த்தார்கள். பரி ரீம் அவரை முதலாவதாக எடுத்தது. 2014 இல் என்.எச்.எல். இலும் முதலாவது. 2024 இலும் 2025 இலும் ஃபுளோரிடாவோடு ஸ்ரான்லி கிண்ணம். சரியாகத்தான் கணித்தார்கள். ஆனால் 2013 இல் அதே விதிவிலக்கு ஷோன் டே என்ற இன்னொரு பின்கள வீரனுக்கும் கிடைத்தது. அவர் ஓ.எச்.எல். இல் 4 ஆவதாக எடுக்கப்பட்டார். மூன்று ஆண்டு கழித்து என்.எச்.எல். தெரிவில் 81 ஆவது. அதுவும் சாதனைதான், நான் குறைத்துச் சொல்லவில்லை. 15 வயதிலேயே தலையில் வைத்த கிரீடம் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள்.

மறுபக்கம் பி.கே. சுபான். 2005 இல் பெல்வில் ரீம் அவரை 105 ஆவதாக எடுத்தது. 2013 இல் அவர் கையில் நொறிஸ் கிண்ணம். அவருடைய அப்பா ஜமேக்காவில் இருந்து வந்தவர். ரொறன்ரோவில் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று ஆண்பிள்ளைகளும் என்.எச்.எல். தெரிவில் எடுக்கப்பட்டார்கள். எங்களைப் போலப் பனி தெரியாத நாட்டில் இருந்து வந்து, படிப்பையும் ஹொக்கியையும் ஒரே வீட்டில் வளர்த்த மனிதர். எங்கள் பெற்றோருக்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் அதுதான்.

இனி நீங்கள் காத்திருக்கிற பகுதி. பேரனைப் பற்றிய என் மதிப்பீடு.

ஒன்பது வருடமாகக் கம்பளியும் தேநீர்ப் போத்தலுமாக அரங்குகளில் குந்தியிருக்கிறேன். கொப்பி ஒன்றும் வைத்திருக்கிறேன். கோல் எண்ணுவதில்லை. எங்கள் பக்க மூலைக்கு வட்டு வரும்போது அவன் எடுக்கப் போகிறான். போகும் வழியில் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தானா? எடுத்ததும் எங்கள் ஆளின் தடிக்குப் போய்ச் சேர்ந்ததா? இந்த இரண்டையும்தான் எண்ணுகிறேன்.

நல்லது: திரும்பிப் பார்க்கிறான், கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும். முதல் பாஸ் பாதிக்கு மேல் சுத்தமாகப் போய்ச் சேர்கிறது. பின்னோக்கிச் சறுக்குவது அழகு. வலக்கைப் பக்கம் அடிப்பவன். அப்படியான பின்கள வீரர்கள் குறைவு என்பதால் ரீம்கள் தேடுவார்கள்.

குறை: வேகமாக ஒருவன் நேரே வந்தால் பயத்தில் முன்கூட்டியே பின்வாங்கி, இடைவெளியை அகல விட்டுவிடுகிறான். எதிரிக்கு அது திறந்த படலை. இரண்டு பேர் நெருக்கினால் பாஸ் தேடாமல் பலகையோரமாக அடித்துத் தொலைக்கிறான். அடியில் பலமில்லை. உயரம் 5 அடி 9 அங்குலம், உடம்பு மெலிவு.

முடிவு: முதல் ஐந்து சுற்றில் வரமாட்டான். பத்தாவது சுற்றுக்குப் பிறகு யாராவது எடுத்தால் ஆச்சரியப்பட மாட்டேன். எடுக்காவிட்டாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அவன் முகத்துக்கு நேரேயும் இதைத்தான் சொன்னேன். இடைவெளி விடுவது பயிற்சியால் திருந்தும். அடியின் பலம் வயதோடு வரும். தோளுக்கு மேலால் பார்க்கிற பழக்கம் மட்டும் பிந்திப் புகட்டக் கடினம். அது அவனிடம் இருக்கிறது. அதனால் 15 வயதில் அவனுக்குக் கிடைக்கும் இலக்கத்தைவிட 18 வயதில் நல்ல இலக்கம் கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

மகளும் மருமகனும் வேறு செலவு கூடிய ரீமுக்கு மாற்றலாமா, பள்ளியைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டலாமா என்று யோசிக்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பக்கம். பின்கள வீரன் பனியில் நின்று பிழை விட்டுத்தான் கற்கிறான். பெயர் பெற்ற ரீமின் வாங்கில் இருந்து கற்க முடியாது.

அவசரப்பட இன்னொரு காரணமும் இப்போது இல்லை. முன்பு ஓ.எச்.எல். இல் ஆடினால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஹொக்கியின் கதவு மூடிவிடும். 16 வயதுப் பிள்ளை இரண்டில் ஒன்றைத் தெரிய வேண்டும். கேல் மகார் அந்தக் கதவைத் திறந்து வைப்பதற்காக அல்பேர்ட்டாவில் புரூக்ஸ் ரீமில் ஆடி, மசச்சூசெற்ஸ் பல்கலைக்கழகம் போனார். 2017 இல் 4 ஆவதாக எடுபட்டு, 2022 இல் நொறிஸ் கிண்ணம் வாங்கினார். 2024 நவம்பரில் அந்தத் தடையை நீக்க முடிவெடுத்தார்கள். 2025 ஓகஸ்ட் முதல் நடைமுறை. இதற்கு மறுபக்கமும் உண்டு: முன்பு விலகி நின்ற கெட்டிக்காரர்களும் இனி ஓ.எச்.எல். க்கு வருவார்கள், இடம் இன்னும் நெருக்கமாகும். ஆனால் ஒரு பாதை பிந்தினால் மற்றது மூடாது.

எடுபட்டால் சந்தோஷம்தான். ஆடுகிற ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு வருடப் பல்கலைக்கழகப் படிப்புச் செலவு என்ற ஏற்பாடும் லீக்கில் இருக்கிறது. ஆனால் 16 வயதில் ஸூ செயின்ற் மரி மாதிரி 700 கிலோமீற்றர் தள்ளியுள்ள ஊரில், முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்கிப் படிக்க வேண்டி வரலாம். விடுதியில் விட்டுப் படிப்பித்த எங்கள் பெற்றோருக்கு அந்த வலி தெரியும். அதற்கு அவன் தயாரா என்பதை எந்த ஸ்கவுட்டும் எழுதித் தர மாட்டார். வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். தெரிவு நடக்கிற அன்று அவனுக்கு அழைக்காதீர்கள். எத்தனையாம் சுற்று என்று கேட்காதீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சுற்றோடு ஒப்பிட்டுக் கதைக்காதீர்கள். பிள்ளை கேட்டுக்கொண்டிருப்பான்.

உண்மையாகவே அக்கறை உள்ளவர்கள் ஓர் ஆட்டத்துக்கு வாருங்கள். தடித்த ஜக்கெற் போட்டு வாருங்கள். அரங்கு வெளியைவிடக் குளிர். என் பக்கத்தில் இருங்கள், கொப்பியில் ஒரு தாள் கிழித்துத் தருகிறேன். நீங்களும் எண்ணுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு ரீச்சர்
ஸ்காபரோ