ஒரு ரூபாய்க்குக் கொடுத்த சம்மதம்

தர்மபுரி மாவட்டம் கடத்தூர் சந்தையில் வெற்றிலைக் கட்டை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுத்ததும் வியாபாரம் முடிந்துவிடும். அடுத்த வாரம் வாங்கியவர் வரவில்லை என்பதற்காக, விற்றவர் அவர் வீட்டுக்குள் போய்ப் பெட்டியைத் திறப்பதில்லை. வாங்கியவரின் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியில் நடப்பது வேறு. "ஒரு ரூபாய்க்கு ஏழு நாள்" என்று ஒரு விளம்பரம் வருகிறது. தொட்டு, யுபிஐ ரகசிய எண்ணைப் போடுகிறார். எட்டாம் நாளிலிருந்து அவரைக் கேட்காமலே கணக்கிலிருந்து பணம் போகத் தொடங்குகிறது. ஒரு ரூபாய் கொடுத்ததாக அவர் நினைத்திருக்கிறார். அவர் கொடுத்ததோ 'ஆட்டோபே' என்ற நிரந்தர அனுமதி.

"செயலியைத்தான் அழித்துவிட்டேனே, அப்புறம் எப்படிப் பணம் போகும்?" என்று கேட்பவர்கள் ஏராளம். போகும். அனுமதி செயலிக்குள் இல்லை. வங்கிக்கும் நிறுவனத்துக்கும் இடையே பதிவாகி இருக்கிறது. அதைத் தனியாக ரத்து செய்தால்தான் பிடித்தம் நிற்கும். சேரும்போது பெரிய எழுத்தில் பேசிய நிறுவனம் இந்த ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

இது நகரத்துக்காரர்களின் சில்லறைத் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாம் 2023 ஜூலை 24-ல் இதே தர்மபுரி மாவட்டத்தின் தொப்பூரில்தான் தொடங்கியது. அதன்படி மாதம் 1,000 ரூபாய் கிராமத்துப் பெண்களின் கணக்குக்கும் வருகிறது. நூறு நாள் வேலைக் கூலியும் கணக்குக்குத்தான் வருகிறது. 2025-26-ல் தமிழ்நாட்டில் அது நாளொன்றுக்கு 336 ரூபாய். மாதம் 299 ரூபாய் பிடிக்கும் ஒரு செயலி, ஏறக்குறைய ஒரு நாள் வெயிலில் மண் சுமந்த கூலியை எடுத்துக்கொள்கிறது. உரிமைத் தொகை முதன்முதலாகக் கணக்குகளில் விழுந்தபோது சில வங்கிகள் அதைத் தங்கள் கட்டணங்களுக்குப் பிடித்துக்கொண்டன. அப்படிச் செய்யக் கூடாது என்று மாநில அரசு உடனே கண்டித்தது. அந்த அக்கறை இங்கும் வேண்டும்.

பழைய கைப்பேசிக் காலத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டதற்காக, கேட்காத 'காலர் ட்யூன்' மாதாமாதம் ரீசார்ஜ் பணத்தைத் தின்றது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013 ஜூலையில் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை சம்மதம் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. வேண்டாம் என்று சொல்ல எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக 155223 என்ற ஒரே எண் வந்தது. ஆங்கிலம் தெரியாத ஒருவரும் மனப்பாடம் செய்துகொள்ளக்கூடிய வழி அது. அன்று செய்ய முடிந்ததை இன்று ஏன் செய்யக் கூடாது?

விதிகளே இல்லை என்று சொல்லமாட்டோம். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, தொடர் பிடித்தத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எப்போது என்ற விவரமும், வேண்டாம் என்று விலக ஒரு வழியும் அதில் இருக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அந்தத் தகவல் பெரும்பாலும் ஆங்கிலத்தில், வங்கியின் இன்னொரு குறுஞ்செய்தியாக, கடன் விளம்பரங்களுக்கு நடுவே வந்து விழுகிறது. படிக்க முடியாத முன்னறிவிப்பு முன்னறிவிப்பே அல்ல. அதே ஏற்பாட்டில், ரகசிய எண் கேட்காமல் எடுக்கக்கூடிய தொகையின் வரம்பு முதலில் 2,000 ரூபாய்; பிறகு 5,000; 2022 ஜூனில் 15,000. வரம்பு வளர்ந்த வேகத்தில் பாதுகாப்பு வளரவில்லை.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தின் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தன. சந்தாப் பொறி அவற்றில் ஒன்று. ரத்து செய்யும் வழியை மறைப்பது, அதைச் சுற்றி வளைப்பது, இலவசச் சந்தாவுக்காகத் தானியங்கிப் பிடித்த அனுமதியை வற்புறுத்தி வாங்குவது எல்லாம் அதில் அடங்கும். இப்போது அந்த ஒரு ரூபாயின் வேலை புரிகிறதா? இலவசம் என்றால் நெறி நேராகப் பாயும். ஒரு ரூபாய் வாங்கிவிட்டால் 'இது இலவசமல்ல, கட்டணச் சேவை' என்று வாதிட இடம் கிடைக்கிறது. இந்த ஓட்டையை ஆணையம் அடைத்தே தீர வேண்டும். பெயருக்கு ஒரு தொகை வாங்கும் சோதனைக் காலத்தையும் இலவசமாகவே கருத வேண்டும்.

ஜெர்மனியில் 2022 ஜூலை முதல் இணையத்தில் சந்தா விற்பவர்கள் ரத்து செய்யும் பொத்தானையும் அங்கேயே வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அமெரிக்காவில் பிரைம் சந்தா தொடர்பான வழக்கை முடித்துக்கொள்ள அமேசான் 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. விலகும் நடைமுறைக்கு அந்நிறுவனத்துக்குள் 'இலியட்' என்று, ஹோமரின் நெடுங்காவியத்தின் பெயரையே வைத்திருந்தார்கள் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அங்கே கோடிக் கணக்கில் திருப்பித் தரவைக்க முடிகிறதென்றால், இங்கே பறிபோகும் 299 ரூபாய்க்கும் கேள்வி கேட்க ஒரு ஆணையம் முன்வர வேண்டும்.

நாம் கேட்பது அதிகமில்லை. முன்னறிவிப்பு தமிழில் வர வேண்டும். அந்தச் செய்தியிலேயே, ஒரு முறை தொட்டால் ரத்தாகும் வழி இருக்க வேண்டும். மூன்று மாதம் திறக்கப்படாத செயலிக்கு, மறுபடி சம்மதம் கேட்காமல் ஒரு பைசாகூடப் போகக் கூடாது. 155223 போல எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் எண் வேண்டும்.

அதுவரை வாசகர்கள் இன்றே ஒன்று செய்யுங்கள். பணம் அனுப்பும் செயலியைத் திறந்து, 'ஆட்டோபே' பகுதியில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யுங்கள். வீட்டில் அம்மாவின் கைப்பேசியையும் பாட்டியின் கைப்பேசியையும் வாங்கிப் பாருங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால், நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், கடத்தூர்க்காரர் தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் அதற்குக் கட்டணம் கிடையாது.