தாத்தா பெயரைத் தேட யார் கடிதம் வேண்டும்?

ஆவணக் காப்பகத்தில் பழைய ஊர்ப் பதிவேடுகளைப் பல்கலைக்கழகப் பரிந்துரைக் கடிதம் உள்ளவர்கள் மட்டுமே பார்க்கலாம், குடும்ப வரலாறு தேடுவது ஆராய்ச்சி ஆகாது என்ற முடிவை ஏற்க முடியாது. தாள் நொறுங்குகிறது, இடமில்லை, ஆளில்லை என்று சொல்லப்பட்ட காரணங்கள் அனைத்தும் ஆய்வாளருக்கும் பொருந்தும். தடை மட்டும் ஏன் பேரனுக்கு?

யாரிடம் கடிதம் கேட்கிறார்கள்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து, ஒருநாள் சம்பளத்தை விட்டு ரயிலேறி வரும் தொழிலாளியிடம். பொன்னேரி விவசாயியிடம். பழவேற்காட்டு மீனவரிடம். இவர்களுக்கு எந்தப் பேராசிரியர் கையெழுத்துப் போடுவார்? நிலம் தொழிற்சாலையாகிவிட்ட இடத்தில் வரப்பும் இல்லை, களத்துமேடும் இல்லை. அங்கே பாட்டன் உழுதார் என்பதற்குப் பதிவேடுதான் சாட்சி. அந்தச் சாட்சியைத்தான் மறைக்கிறார்கள்.

மறைக்கப்படுவது சாதாரணச் செல்வமல்ல. 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் பொறியாளர் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரில் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்கர்கள் வீடு, நிலம், தொழில், மானியம் என்று ஓலையில் எழுதிவைத்தார்கள். ஒரு பகுதி ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகின்றன.

கடல் கடந்து போனவர்களின் பதிவுகளையும் பாருங்கள். 1860 அக்டோபரில் ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளோடு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டது. நேட்டால் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஜில்லா, ஊர் எல்லாம் உண்டு. மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் ஒப்பந்தக் கூலிகளின் பதிவேடுகளை வாரிசுகளுக்குத் தேடிக் கொடுக்கிறது. கடல் கடந்த அண்ணனின் கொள்ளுப்பேத்திக்கு அங்கே கிடைக்கும் மரியாதை, ஊரில் தங்கிய தம்பியின் கொள்ளுப்பேத்திக்கு இங்கே இல்லை.

இதே அதிகார நாற்காலிகளில் எடுக்கப்பட்ட முடிவுகளின் வரலாறும் நமக்குத் தெரியும். 1980ல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அது நியாயமான சீர்திருத்தம். ஆனால் கர்ணம் வீட்டுப் பரணில் கிடந்த கணக்குக் கட்டுகளைச் சேர்த்துக் காப்பதில் அந்த அக்கறை இல்லை. செல்லரித்தவை செல்லரித்தபடியே போயின. 1997ல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமானது. ஆட்சியர் அலுவலகம் வந்தது. பழைய செங்கல்பட்டு ஜில்லா ஆவணங்களுக்கு இன்றும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அதிகாரம் தன் வசதியைப் பார்த்துக்கொண்டது, ஊர்க்காரன் அலைந்தான். இப்போது அலைந்து வந்தவனையும் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

இது நிர்வாகம் அல்ல, அவமதிப்பு. அந்தப் பதிவேடுகள் எழுதப்பட்டதே நம் பாட்டன்மாரிடம் வரி வாங்கத்தான். வரி வாங்கும்போது அவர்களிடம் பரிந்துரைக் கடிதம் எவரும் கேட்கவில்லை. பேரப்பிள்ளைகளிடம் கேட்க எவருக்கும் உரிமையில்லை. உரியவர்கள் கூடிப் பேசி, மக்களுக்கு ஏற்ற வழியை விரைந்து காண வேண்டும். அதற்கு முன் இந்த முடிவு திரும்பப் பெறப்பட வேண்டும்.