டாலரைப் பெருக்கினால் போதுமா?

வெளிநாட்டு வேலைக்கான ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்து விழுந்ததும், பெரும்பாலான வீடுகளில் முதலில் திறக்கப்படுவது செல்பேசியில் இருக்கும் கால்குலேட்டர்தான். சம்பளத்தை அன்றைய டாலர் மதிப்பால் பெருக்குகிறார்கள். வருகிற எண்ணைப் பார்த்ததும் அப்பா முகத்தில் பெருமை, அம்மா கண்ணில் கொஞ்சம் ஈரம். மாமா ஒருவர் இருப்பார், "இதில் யோசிக்க என்னடா இருக்கு, கிளம்பு" என்று சொல்வதற்கு.

யோசிக்க நிறைய இருக்கிறது. அந்தப் பெருக்கல் தப்பில்லை, ஆனால் அது பாதிக் கணக்கு. சம்பளம் டாலரில் வந்தால் வீட்டு வாடகையும் டாலரில்தான் போகும். மீதிப் பாதியைப் போட்டுப் பார்க்காமல் கிளம்பியவர்கள், போய்ச் சேர்ந்த ஆறாவது மாதத்தில் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் மென்பொருள் துறையில் ஆண்டுக்கு 18 லட்சம் வாங்கும் ஒருவர். மனைவி தனியார் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர், மாதம் 50 ஆயிரம். நான்கு வயதில் ஒரு குழந்தை. கணவருக்குச் சிங்கப்பூரில் மாதம் 7,000 வெள்ளி சம்பளத்தில் வேலை கிடைக்கிறது (அங்குள்ள தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்). ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் நாலரை லட்சத்துக்கு மேல், ஆண்டுக்கு 54 லட்சத்துக்கு மேல். பழைய சம்பளத்தைப் போல மூன்று மடங்கு!

முதலில் வரி. சிங்கப்பூரில் வரி குறைவு என்பது உண்மைதான். ஆண்டு வருமானம் 84,000 வெள்ளிக்கு, எந்தக் கழிவும் கேட்காவிட்டாலும் வரி 3,810 வெள்ளிதான். நூற்றுக்கு ஐந்து கூட இல்லை. இந்தியாவில் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைப்படி 18 லட்சம் சம்பளத்துக்கு, நிரந்தரக் கழிவு 75 ஆயிரம் போக, செஸ்ஸும் சேர்த்து 1,50,800 ரூபாய் வரி. நூற்றுக்கு எட்டுக்கு மேல். ஆக, வரியில் சிங்கப்பூருக்கே வெற்றி. வரி போக மாதம் 6,680 வெள்ளி கையில் நிற்கும்.

அடுத்தது செலவு. கணவன், மனைவி, குழந்தை என்று மூன்று பேர் இருப்பதால் பொது வீட்டு அறை போதாது. இரண்டு படுக்கையறை உள்ள வீவக வீட்டுக்கு வாடகை 2,700 வெள்ளி என்று வைக்கலாம். சாப்பாட்டுக்கு 1,000, மின்சாரம், தண்ணீர், இணையம், போன் எல்லாம் சேர்த்து 300, ரயில் பஸ்ஸுக்கு 250, குழந்தையின் பாலர் பள்ளிக்கு 600, காப்பீடும் இதர செலவும் 300. வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போகும் டிக்கெட்டை மாதக் கணக்கில் பிரித்தால் 150. மொத்தம் 5,300 வெள்ளி. இந்த எண்கள் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஆனாலும் சிக்கனமாக இருக்கிற குடும்பத்துக்கே இவ்வளவு ஆகும். மிஞ்சுவது 1,380 வெள்ளி. அதாவது கிட்டத்தட்ட 90 ஆயிரம் ரூபாய்.

இனி சென்னைக் கணக்கு. வரி போக அவர் சம்பளம் மாதம் 1,37,000, மனைவியின் சம்பளம் 50,000, ஆக 1,87,000. (பி.எஃப். பிடித்தமும் சேமிப்புதான் என்பதால் அதைக் கழிக்கவில்லை. பெற்றோருக்குக் கொடுக்கும் பணம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான் என்பதால் அது இரு பக்கமும் சேரவில்லை.) வாடகை 30,000, மளிகையும் சாப்பாடும் 25,000, பள்ளி 15,000, பெட்ரோல் 10,000, மின்சாரம், போன், காப்பீடு 10,000, இதர செலவு 10,000 என்று ஒரு லட்சம் போனால் மிஞ்சுவது 87,000.

அங்கே 90 ஆயிரம், இங்கே 87 ஆயிரம்! மூன்று மடங்கு சம்பளம் எங்கே போயிற்று?

வாடகை தின்றுவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் பட்டியலை இன்னொரு முறை பார்த்தால் வேறொன்று தெரியும். சென்னைக் கணக்கில் இருந்த ஒரு வரி சிங்கப்பூர் கணக்கில் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கிறது. அது மனைவியின் சம்பளம். அந்த 50 ஆயிரம் முதலிலிருந்தே இல்லாத குடும்பமாக இருந்தால் சென்னையில் மிஞ்சுவது 37 ஆயிரம்தான். அப்போது சிங்கப்பூர் போவதே லாபம். ஆகவே இந்த ஆஃபர் நல்லதா கெட்டதா என்பதை முடிவு செய்வது கணவரின் சம்பளம் மட்டுமல்ல, மனைவியின் வேலையும்தான்.

போன பிறகு அவரும் அங்கே வேலை தேடிக்கொள்ளலாமே என்பார்கள். அது அவ்வளவு சுலபமில்லை. சார்ந்திருப்போர் அனுமதியில் வருகிறவர் 2021 மே மாதத்திலிருந்து, சொந்தமாக ஒரு வேலை அனுமதி பெற்றால்தான் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்குச் சேர முடியும். எம்ப்ளாய்மென்ட் பாஸ் கிடைக்க 2025 ஜனவரி முதல் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும், வயது ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும். ஏதாவது ஒரு வேலை அனுமதி எடுத்துக் கொடுக்க ஒரு நிறுவனம் முன்வரும்வரை அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்துத் திரும்பி வந்தால், விட்ட இடத்தில் அந்தக் கல்லூரி வேலை காத்துக்கொண்டு இருக்குமா? இடையில் நின்றுபோன அனுபவம், பி.எஃப்., தள்ளிப்போன பிஎச்.டி. இவற்றுக்கெல்லாம் எந்தக் கால்குலேட்டரிலும் பொத்தான் கிடையாது.

இதே ஆஃபர் கல்யாணமாகாத ஒருவருக்கு வந்தால் கதையே வேறு. ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, எல்லாச் செலவையும் 2,300 வெள்ளிக்குள் முடித்தால் மாதம் 4,380 வெள்ளி மிஞ்சும், ரூபாயில் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பலாம். காகிதம் ஒன்றுதான், அதில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதான். அதனால்தான் "நண்பன் போனான், நன்றாக இருக்கிறான்" என்பது யாருக்கும் ஆதாரமாகாது. அந்த நண்பன் எத்தனை பேரோடு போனான் என்று கேட்க வேண்டும்.

வரி குறைந்த நாடுதான் நல்ல நாடு என்ற எண்ணத்தையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை. ஆனால் குழந்தையைப் படிக்க வைக்கத் தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும். வேலையை விடும்போது கிடைக்கும் பணிக்கொடை, முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதுவும் அடிப்படைச் சம்பளத்தில். அடிப்படையைச் சிறிதாகவும் படிகளைப் பெரிதாகவும் காட்டும் ஆஃபரில் இந்தத் தொகை சுருங்கிவிடும்.

ஜெர்மனி இதற்கு நேர் எதிர். ஆண்டுக்கு 60,000 யூரோ வாங்கும் தனியாளிடம் வரியும் சமூகக் காப்பீடும் சேர்த்து ஏறத்தாழ 22,000 யூரோ பிடித்துவிடுவார்கள். கேட்டாலே நெஞ்சு அடைக்கும்! ஆனால் அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை. 2025 நிலவரப்படி அரசு சார்ந்த மருத்துவக் காப்பீட்டில், சம்பாதிக்காத துணைக்கும் குழந்தைகளுக்கும் தனிப் பிரீமியம் கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ப்ளூ கார்டில் போகிறவரின் துணை தடையில்லாமல் வேலை பார்க்கலாம். மொழி ஒரு பெரிய சுவர்தான், ஆனாலும் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வரி அதிகம் என்று ஒதுக்கிவிடுவதற்கு முன் அந்த வரிக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் நியாயம்.

ஓய்வுக்காலச் சேமிப்பையும் மறக்கக் கூடாது. சிங்கப்பூரின் மத்திய சேம நிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வேலை அனுமதியில் இருப்பவருக்கு முதலாளி அதில் ஒரு காசு போட மாட்டார். மிஞ்சுகிற வெள்ளியில்தான் எதிர்காலமும் அடங்க வேண்டும். வேலை போனால் அனுமதியும் ரத்தாகிவிடும். பொதுவாக 30 நாளில் மூட்டை கட்ட வேண்டும். வரிக் கணக்கு தீரும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்தி வைக்கும். ஆகவே குறைந்தது மூன்று மாதச் செலவுக்குப் பணம் கையிருப்பில் இல்லாமல் குடும்பத்தோடு விமானம் ஏறுவது ஆபத்து.

அப்படியானால் வெளிநாடே போகக் கூடாதா? அப்படியில்லை. பணத்தைத் தாண்டியும் காரணங்கள் உண்டு. நல்ல வேலை அனுபவம், குழந்தைக்கு வேறொரு உலகம், நெரிசல் இல்லாத ரயில் என்று எதுவாகவும் இருக்கலாம். அவற்றுக்காகப் போகிறவர்கள் அதற்காகத்தான் போகிறோம் என்று தெரிந்து போகலாம். மூன்று மடங்கு சம்பளத்துக்காகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனால்தான் ஏமாற்றம்.

ஆஃபர் வந்தது ஒருவர் பெயருக்கு. ஆனால் கணக்கு போட வேண்டியது வீட்டுக்கு. மாதக் கடைசியில் வீட்டில் மொத்தம் என்ன மிஞ்சும், அதற்காக யார் எதை விட வேண்டியிருக்கும் என்று இரண்டு பேரும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். மாமாவின் கருத்தை அப்புறம் கேட்கலாம். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன், ராஜினாமா கடிதம் எழுதப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.