தொண்டையில் தெரியும் வயிற்று நோய்

மாதக்கணக்கில் நீடிக்கும் வறட்டு இருமல், காலையில் கரகரக்கும் குரல், தொண்டையில் ஏதோ அடைத்தாற்போன்ற உணர்வு ஆகியவற்றைச் சளி என்றே எண்ணிவிடுகிறோம். இரைப்பை அமிலம் மேலேறுவதாலும் இவை வரலாம். நெஞ்செரிச்சல் இல்லாமலேயே வரக்கூடும் என்பதால் குழம்புகிறோம்.

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழியை அறிந்த நாம், ரமளானில் ஸஹர் உணவை வயிறு முட்ட உண்டு, பஜ்ரு தொழுததும் படுத்துவிடுகிறோம். படுத்த நிலையில் அமிலம் எளிதில் மேலேறும். உண்டபின் 3 மணி நேரமாவது படுக்காதிருப்போம்.

தொல்லை நீங்காவிடில் மருத்துவரை நாடுவோம். நெஞ்சுவலியை 'வாயு' என்று ஒதுக்க வேண்டாம். அது இதய நோயாகவும் இருக்கலாம். வலியை மறைப்பதைப் பொறுமை என எண்ணிவிடக் கூடாது. மருத்துவம் செய்துகொள்வதும் நபிவழியே.