பொதியின் ஊர் எது?

ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தொழிற்சாலையிலிருந்து கொழும்பு ஏலத்திற்குச் செல்லும் தேயிலைக்குத் தோட்டத்தின் பெயர் உண்டு, தரம் உண்டு, இன்வொய்ஸ் இலக்கமும் உண்டு. கொழுந்து கிள்ளியவளின் பெயர் மட்டும் இராது. அது வேறு வழக்கு. சரக்கு பிறந்த இடத்தையாவது வணிகன் எழுதி வைக்கிறான். அம்மலைப்புறத்துப் பாடசாலைக் கணினியில் ஏறும் லினக்ஸ் மென்பொருட் பொதிக்கு அந்த அடையாளங்கூட வேண்டாமா?

டெபியன், உபுண்டு ஆகியவற்றின் பொதிப் பதிவேடு பதிப்பு எண்ணைக் குறிக்கிறது. எந்தக் களஞ்சியத்திலிருந்து பொதி இறங்கியது என்பதைக் குறிப்பதில்லை. 'ஆப்ட் பாலிசி' என்று வினவினால், இன்று பட்டியலிலுள்ள களஞ்சியங்களோடு பதிப்பைப் பொருத்திப் பார்த்து ஊகம் சொல்கிறது. ஒரே பதிப்பு இரண்டிடத்தில் இருந்தால் இரண்டையும் காட்டிக் கைவிரிக்கிறது. களஞ்சியத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டாலோ, ஊகமும் போயிற்று! பெடோராவின் டிஎன்எப் நிறுவும்போதே களஞ்சியத்தின் பெயரை எழுதிக்கொள்கிறது. ஆகவே, இயலாத காரியமன்று, மனமில்லாத காரியம்.

"பாவனையாளனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்பர் சில பண்டிதர். 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியில் கள்ளக் கதவு வைக்கப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. டெபியனின் நிலைத்த களஞ்சியத்தோடு நின்றவர் தப்பினர். சோதனைக் களஞ்சியத்திலிருந்து எடுத்தவர் பதறினர். தாம் எந்த அணியில் நிற்கிறோம் என்றறிய ஓர் ஆசிரியர் நிபுணரின் வாசலில் காத்திருக்க வேண்டுமா?

திறந்த மூலம் என்று முழங்குவோரிடம் நாம் கேட்பது சலுகையன்று. நிறுவும் கணத்திலேயே மூலத்தைப் பதியுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் திரையில் காட்டுங்கள்.