பணியிடை நீக்கத்தின் விலையைக் கொடுப்பது யார்?



அரசு மருத்துவமனையில் ஓர் உயிர் போகிறது. உறவினர்கள் சாலையில் அமர்கிறார்கள். மாலைக்குள் 'மருத்துவர் பணியிடை நீக்கம்' என்ற அறிவிப்பு வருகிறது. கூட்டம் கலைகிறது. நீதி கிடைத்துவிட்டது என்று நாமும் நம்பிவிடுகிறோம். உண்மையில் கிடைத்ததா?

2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் 17 வயது கால்பந்து வீராங்கனைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இறுக்கமான கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலையே அகற்ற நேர்ந்தது. நவம்பர் 15 அன்று அவர் இறந்தார். இரு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். அந்தப் பெற்றோரின் கண்ணீருக்கு முன் எந்த மருத்துவரும் விசாரணைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். தவறு செய்தவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனால் எல்லாச் சாவுகளும் ஒருவர் கையால் நேர்வதில்லை. 2017 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் அரசு மருத்துவமனையில் குழந்தைகள் கொத்தாக மடிந்தார்கள். ஆக்சிஜன் நிறுவனத்துக்குப் பணம் பாக்கி நின்றிருந்தது. மருத்துவர் கஃபீல் கான் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுச் சிறைக்கும் சென்றார். அவர் மீதான மருத்துவ அலட்சியக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று 2019இல் துறை விசாரணை அறிக்கை கூறியது.

நம் மதுரையிலும் 2019 மே 7 அன்று காற்று மழையில் அரசு இராசாசி மருத்துவமனையில் மின்சாரம் நின்றது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளிகள் இறந்தனர். வென்டிலேட்டர் நின்றதே காரணம் என்றனர் உறவினர்கள், நிர்வாகம் மறுத்தது. இத்தகைய கேள்விக்கு விடையை மருத்துவரின் மேசையில் மட்டும் தேடினால் போதுமா? மின் அறையிலும் பராமரிப்புக் கணக்கிலும் தேட வேண்டாமா?

விலை யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனை ஒன்றில் மயக்க மருந்து நிபுணர் ஒருவர் விலக்கப்பட்டு, மாற்று ஆள் வராவிட்டால் சிசேரியன் நடக்காது. பிரசவ வலியோடு பெண் 108 வண்டியில் மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தேனி, சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் எனப் பல மாவட்ட மக்கள் ஏற்கெனவே காத்திருக்கும் இடம் அது. மற்ற மருத்துவர்களோ, 'நமக்கு ஏன் வம்பு?' என்று சிக்கலான நோயாளிகளை எழுதிக் கொடுத்து அனுப்பத் தொடங்குவார்கள். தனியாருக்குப் போகும் ஏழையின் நகை அடகுக் கடைக்குப் போகும். விலக்கப்பட்டவர் பிழைப்பூதியம் பெறுவார். நோயாளிக்கு யார் தருவார்?

இன்னொரு விலையும் உண்டு. 2020 ஏப்ரலில் ஆந்திராவின் நர்சிபட்டினத்தில், முகக்கவசம் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்ன அரசு மருத்துவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். குறையைச் சொன்னவருக்கே இந்தக் கதி என்றால், அடுத்தவர் வாய் திறப்பாரா?

பணியிடை நீக்கம் தீர்ப்பு அன்று. விசாரணைக்கு இடம் தரும் ஏற்பாடு மட்டுமே. குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்காமல் மூன்று மாதங்களுக்கு மேல் அதை நீட்டிக்கக்கூடாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, 'மருத்துவரை நீக்கு' என்பதோடு நம் குரல் நின்றுவிடக்கூடாது. விசாரணை எப்போது முடியும்? கருவிகளும் ஆள் பலமும் விசாரிக்கப்படுமா? அறிக்கை அந்தக் குடும்பத்துக்குப் புரியும் தமிழில் தரப்படுமா? நாளை காலை அந்த நாற்காலியில் யார் அமர்வார்? இவற்றையும் கேட்போம்.

மக்களின் பாவங்களையெல்லாம் ஓர் ஆட்டின் தலையில் ஏற்றிப் பாலைநிலத்துக்கு அனுப்பியதை லேவியர் நூல் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. கிறிஸ்து தம்மையே பலியாகத் தந்த பின் நமக்கு இன்னோர் ஆடு தேவையில்லை. உண்மை ஒன்றே தேவை. மருத்துவரை மதிக்கச் சொல்கிறது சீராக்கின் ஞான நூல். காயப்பட்டவரைக் கடந்து போகாதே என்கிறது நல்ல சமாரியர் உவமை. இரண்டையும் சேர்த்தே கைக்கொள்வோம்.

பிப்ரவரி 11 உலக நோயாளர் நாளில் நோயாளிகளுக்காகச் செபிக்கும்போது, பயமின்றியும் பொறுப்புடனும் பணிபுரியும் மருத்துவர்களுக்காகவும் செபிப்போம். நம் ஊர் அரசு மருத்துவமனையில் எத்தனை இடங்கள் காலியாக உள்ளன என்று கிராம சபையில் கேட்போம். அடுத்த உயிர் போகும் முன் கேட்கும் கேள்வியே உயிர் காக்கும்.